சிவப்புத் தரைக்கு எந்த நிற சோபா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மாமனார் காலத்து வீட்டைப் பழுதுபார்த்து முடித்திருக்கிறோம். ஹால் 14க்கு 18 அடி. தரை அந்தக்காலத்துச் சிவப்பு சிமெண்ட். இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதை உடைக்க மனம் வரவில்லை. சுவர் வெளிர் கிரீம். தேக்கு நிலை, தேக்கு ஊஞ்சல், பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலி இரண்டு, சுவரில் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று. வடக்கே இரண்டு ஜன்னல், அதை ஒட்டி வாழைக்கொல்லை. மேற்கே முற்றம், மேலே வெளிச்சம் வர ஷீட்டு போட்டிருக்கிறோம். மூன்று பேர் உட்காரும் துணி சோபா ஒன்று செய்யப்போகிறோம். சாம்பல் நிறம்தான் எதற்கும் பொருந்தும் என்கிறான் மகன். தஞ்சாவூர் கடையில் நல்ல சாம்பலாகத் தெரிந்த துணித்துண்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தால் நீலமாக அடிக்கிறது. வடக்கு அறை இருட்டாக இருக்கும், வெள்ளையே போடலாம் என்பது மருமகள் கட்சி. அழுக்கு தெரியாத காப்பிப்பொடி நிறம் போதும் என்பது என் எண்ணம். மாமியாருக்கு 84 வயது, தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். எந்த நிறம் போடலாம்?

பதில்: அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காடாத் துணிக்கும் தவிட்டுக்கும் நடுவில் இருக்கும் நிறம் உங்கள் ஹாலுக்குச் சரியாக வரும். மஞ்சள் ஒட்டிய பழுப்பு, அதில் ஒரு பங்கு சாம்பல் கலந்தது போல. சுவரைவிட நன்றாக அடர்த்தி, தரையைவிட நன்றாக வெளிர். ஒரே நூலில் நெய்த வழுவழுப்பான துணியாக இல்லாமல், வெளிர் நூலும் அடர் நூலும் கலந்து நெய்த துணியாக இருக்கட்டும். கடை கேட்லாக்கில் இது ஓட்மீல், ஃப்ளாக்ஸ், சாண்ட், கிரேஜ் என்று பல பெயரில் வரும். பெயரை நம்பி எடுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் சாண்ட் இன்னொரு கம்பெனியில் ரோஜா நிறத்தை ஒட்டி இருக்கும்.

இனி, கடையில் சாம்பலாக இருந்தது வீட்டில் ஏன் நீலமானது என்பதைப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை தானாக வரும். துணியில் குறை எதுவும் இல்லை.

முதல் காரணம் விளக்கு. சோபாக் கடைகளில் பெரும்பாலும் பொருளின் மேல் மஞ்சள் ஒளி விழுகிற மாதிரி ஸ்பாட் விளக்குப் போட்டிருப்பார்கள். 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) அளவில் இருக்கும் அந்த ஒளி எந்தச் சாம்பலையும் இளஞ்சூடாக்கிக் காட்டும். நம் வீடுகளில் எரிவதோ பெரும்பாலும் 6500 கெல்வின் எல்இடி டியூப். பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருக்கும். அது நீலம் தூக்கலான வெள்ளை. அதே துணி, கடையில் மஞ்சளை வாங்கிக்கொண்டது, வீட்டில் நீலத்தை வாங்கிக்கொண்டது.

இரண்டாவது காரணம் உங்கள் தரை. பளிச்சென்ற சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கண், பக்கத்தில் இருக்கும் நிறமில்லாத பொருளின் மேல் சிவப்புக்கு எதிரான நீலப்பச்சையை ஏற்றிப் பார்க்கும். சாம்பலுக்குச் சொந்தமாக நிறம் குறைவு என்பதால் அதன்மேல்தான் இது அதிகமாக ஏறும். பாரிஸ் நகரின் கோபலேன் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்தபோது சாயம் நன்றாகவே இருந்தது. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை அவர் விரிவாக எழுதி வெளியிட்டது 1839இல். திருபுவனத்தில் பட்டு எடுக்கும்போது உடலையும் கரையையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம் இல்லையா? அதே கவனம் சோபாத் துணிக்கும் வேண்டும். உங்கள் சோபாவுக்குக் கரை அந்தச் சிவப்புத் தரை.

தரை இன்னொரு வேலையும் செய்யும். பளபளப்பான சிமெண்ட் தரையில் விழுகிற வெளிச்சம் சிவப்பை எடுத்துக்கொண்டு மேலே எழும். அது சோபாவின் முன்பக்கக் கீழ்ப்பட்டையிலும் கைப்பிடியின் அடியிலும் படியும். வெள்ளை சோபா வைத்தால் முழங்கால் உயரத்துக்குக் கீழே இளஞ்சிவப்பாகவும் அதற்கு மேலே வெள்ளையாகவும் தெரியும். பழுப்பு கலந்த துணியில் இந்தச் சிவப்பு உள்ளேயே அடங்கிவிடும்.

அடங்கின நிறம் என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாயல் ஒளிந்திருக்கும். சாம்பலையே எடுங்கள்: காயாத சிமெண்ட் பூச்சின் சாம்பலில் பச்சை இருக்கிறது, ஈயத்தின் சாம்பலில் நீலம் இருக்கிறது, யானைத் தோலின் சாம்பலில் பழுப்பு இருக்கிறது. கிரீமிலும் அப்படித்தான். சந்தனத்தில் மஞ்சள், தேங்காய்ப் பாலில் லேசான நீலம், பழைய தந்தத்தில் பழுப்பு. தனியாகப் பார்த்தால் இந்தச் சாயல் பிடிபடாது. வெறும் ஏ4 தாள் ஒன்றைத் துணியின் மேல் பாதி மறைக்கிற மாதிரி வைத்துப் பாருங்கள், உடனே வெளியே வரும். உங்கள் ஹாலில் மரமும் பிரம்பும் ஓவியத்தின் தங்கத் தாளும் மஞ்சள் பக்கம் நிற்கின்றன. சோபாவும் அந்தப் பக்கமே சாயட்டும். ரோஜா சாயும் பழுப்பு வேண்டாம். கிரீம் சுவருக்கு எதிரே அது அழுக்கேறியது போல் இருக்கும். பச்சை சாயும் பழுப்பும் வேண்டாம். சிவப்புத் தரை அதன் பச்சையை இன்னும் கூட்டும், காக்கி மாதிரி ஆகிவிடும்.

வடக்கு அறைக்கு வெள்ளை என்று மருமகள் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டு அலங்காரக் குறிப்புகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் அந்த விதி வந்தது ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கத்திலிருந்து. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்கே நிற்கும்; வடக்கு ஜன்னலில் குளிர்ந்த வான வெளிச்சம் மட்டும்தான். பாபநாசம், கும்பகோணம் பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆவணி இரண்டாம் வாரம் வரை வடக்குப் பக்கமே இருக்கும். ஆனி, ஆடியில் காலையும் மாலையும் உங்கள் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசியிலிருந்து தை வரை அதே ஜன்னலில் வெயிலே வராது, மழை மூட்டம் வேறு. ஆக உங்கள் அறை அரை வருடம் ஒரு நிறம், அரை வருடம் ஒரு நிறம். இரண்டையும் தாங்குவது நடுத்தர அடர்த்தியுள்ள, மஞ்சள் சாய்ந்த நிறம்தான். வெள்ளை ஆடியில் கண்ணைக் கூசும், கார்த்திகையில் நனைந்த சுண்ணாம்பு மாதிரி மங்கும்.

ஜன்னலை ஒட்டி வாழை இருப்பதையும் கணக்கில் எடுங்கள். இலையில் பட்டு உள்ளே வரும் வெளிச்சத்தில் பச்சை இருக்கும். வெள்ளையும் நீலச் சாம்பலும் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். முற்றத்து ஷீட்டு நிறமில்லாத தெளிவான வகையா, பச்சையோ நீலமோ ஏற்றியதா என்று நீங்கள் எழுதவில்லை. நிறம் ஏற்றியதாக இருந்தால் மேற்குப் பாதி ஹால் முழுவதும் அந்த நிறத்தில்தான் மிதக்கும். அப்படியானால் சோபாவுக்கு முன்னால் ஷீட்டை மாற்றுவது பற்றி யோசியுங்கள். எந்தத் துணியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

இப்போது உங்கள் காப்பிப்பொடி நிறம். அழுக்கு தெரியாது என்பது பாதி உண்மை. எண்ணெயும் காப்பியும் தெரியாது, சரி. ஆனால் நம் ஊர்ப்பக்க வீடுகளில் சோபாவில் படிவது அவை மட்டுமா? அறுவடை நாளில் காற்றில் வரும் நெல் தூசி, விபூதி, கோலமாவு ஒட்டிய கை, பிள்ளைகளின் பவுடர், பிஸ்கட் தூள், மாமியாரின் நரைமுடி. இவை எல்லாமே வெளிர் நிறம். அடர்பழுப்பில் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும், காலை மாலை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையில் எண்ணெய் தெரியும், அடர்பழுப்பில் தூசி தெரியும். இரு நூல் கலந்த நடுத்தர நிறத்தில் இரண்டும் நூலுக்குள்ளேயே கரைந்துவிடும். இன்னொன்று: சிவப்புத் தரை ஏற்கெனவே அடர்த்தி, தேக்கு ஊஞ்சலும் அடர்த்தி. அதன்மேல் 7 அடிக்கு ஒரு அடர்பழுப்பு சோபா வந்தால் அறையின் கீழ்ப்பாதி முழுக்க இருட்டாகி, ஹால் சின்னதாகத் தெரியும்.

அடர்த்தியைச் சரிபார்க்க ஒரு எளிய வழி. துணியை இடத்தில் வைத்து, சுவர், துணி, தரை மூன்றும் வருகிற மாதிரி போனில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தை எடிட்டில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சுவர் வெளிர், துணி நடுத்தரம், தரை அடர்த்தி என்று மூன்று படி தெளிவாகத் தெரிந்தால் சரி. துணி சுவரோடு கலந்துவிட்டால் அடர்த்தி போதவில்லை. தரையோடு கலந்துவிட்டால் மிக அடர்த்தி. நிறம் கண்ணை ஏமாற்றும், இந்தப் படம் ஏமாற்றாது.

வீட்டிலேயே உங்களுக்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: அந்த இரண்டு நாற்காலியின் பிரம்புப் பின்னல். வருடக்கணக்கில் பழுத்த பிரம்பு அந்தத் தரையோடும் தேக்கோடும் எவ்வளவு இணக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். சோபாத் துணியை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரே குடும்பத்து நிறமாக, ஆனால் பிரம்பைவிட மஞ்சள் குறைந்து, சற்றே சாம்பல் கூடி இருக்க வேண்டும். அச்சாகப் பிரம்பு நிறத்தையே எடுத்தால் 7 அடிப் பரப்பில் மஞ்சள் அதிகமாகிவிடும். சின்னத் துண்டில் மென்மையாக இருக்கும் நிறம் பெரிய பரப்பில் எப்போதும் ஒரு படி கூடுதலாகத்தான் தெரியும்.

துணி பார்க்கப் போவதற்கு முன் விளக்கை மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். 6500ஐ எடுத்துவிட்டு 4000 கெல்வின் போடுங்கள். பெட்டியில் நியூட்ரல் ஒயிட் அல்லது நேச்சுரல் ஒயிட் என்று இருக்கும். சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 80 சாதாரணம், 90 கிடைத்தால் விடாதீர்கள். ஓவியத்தின் சிவப்பும் பச்சையும் அப்போதுதான் உயிரோடு தெரியும். மாமியாருக்குப் படிக்க வெளிச்சம் குறைகிறது என்றால் அவர் உட்காரும் இடத்தில் தனியாக ஒரு விளக்கு வையுங்கள். ஹால் முழுவதையும் நீல வெள்ளைக்குத் திருப்ப வேண்டாம்.

கடையில் கேட்லாக் துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். 4 அங்குலத் துண்டு எதையும் சொல்லாது. பிடித்த மூன்று துணியில் அரை அரை மீட்டர் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். தப்பான சோபாவுக்குக் கொடுக்கும் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. சோபா வரப்போகிற இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து, துணியைச் சாய்வில் தொடங்கி உட்காரும் இடம் வழியாகத் தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள். தரையைத் தொடுவது அவசியம், இல்லையென்றால் சிவப்பின் வேலை தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு துணிதான். மூன்றையும் சேர்த்து வைத்தால் அவை ஒன்றையொன்று மாற்றிக் காட்டும். காலை 7 மணி, நண்பகல், மாலை 4 மணி, இரவு விளக்கில் என்று நாலு வேளை பாருங்கள். மூட்டமான நாள் ஒன்றும் கிடைத்தால் நல்லது. நாலு வேளையும் மிக அழகாக இருப்பதைத் தேட வேண்டாம். எந்த வேளையிலும் அசிங்கமாகாத துணியை எடுங்கள். ஹாலில் அதிகம் உட்காருவது மாலையிலும் இரவிலும் என்றால் அந்த வேளைக்கு இரண்டு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம்.

பார்த்து முடித்ததும் அந்தத் துண்டுகளையே கறைச் சோதனைக்கு விடுங்கள். ஒரு மூலையில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் காப்பி, ஒன்றில் சாம்பார், ஒன்றில் குங்குமம். ஒரு இரவு விட்டு மறுநாள் துடைத்துப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சோபாத் துணியின் மேல் 20 தடவை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள், வேர்வையில் உடுப்பில் ஏறும்.

துணி வகையில் நிறத்தைவிடக் கண்டிப்பாக இருங்கள். லெதரைட் என்று விற்பதில் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு உள்ளவை நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பூச்சு சிதைந்து, செதில் செதிலாக உரியும். ஒருமுறை உரிய ஆரம்பித்தால் ஒட்டவைக்க வழி கிடையாது. ரெக்ஸின் அவ்வளவு சீக்கிரம் உரியாது, ஆனால் ஏசி இல்லாத ஹாலில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தப் பருத்தி உட்கார இதமானது. மழைக்காலத்தில் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வெளுக்கும். சுத்தப் பாலியெஸ்டரில் பூஞ்சை குறைவு, சாயம் நிற்கும், ஆனால் எண்ணெயைப் பிடித்தால் விடாது. உங்கள் வீட்டுக்கு இரண்டும் கலந்த, அல்லது பருத்தி போலக் கரடாக நெய்த பாலியெஸ்டர் துணி சரி. தேய்மானத்துக்கு மார்ட்டிண்டேல் என்று ஒரு அளவு உண்டு. தினப்படி உபயோகத்துக்கு 25,000க்குக் குறையாமல் கேளுங்கள். முற்றத்து வெளிச்சம் படுவதால் ஒளியில் சாயம் நிற்கும் திறன் 8க்கு 5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த எண்கள் கேட்லாக்கின் பின்னட்டையிலோ துண்டின் பின்புறத்திலோ அச்சாகியிருக்கும். எண்ணே போடாத துணியை முற்றத்துப் பக்கம் வைக்கும் சோபாவுக்கு எடுக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தை நிறத்தால் தீர்க்க முடியாது, தையலால் தீர்க்கலாம். சாய்வின் மேல்பகுதியை, பின்னால் 8 அங்குலம், முன்னால் 14 அங்குலம் மடிந்து வருகிற தலைத்துணியாக அதே துணியில் தனியாகத் தைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் வெல்க்ரோ. மாமியார் இடத்துக்கு மட்டும் மூன்று செட் இருக்கட்டும்: ஒன்று சோபாவில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். வேறு நிறத்தில் தைத்தால் அவருக்கென்று ஒதுக்கிய இடம் போலத் தெரியும், மனம் சங்கடப்படும். ஒரே ரோல் துணியில் தைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

சோபாவின் மேலேயே எண்ணெய் பட்டால் தண்ணீர் விடாதீர்கள். முதலில் டால்கம் பவுடரோ சோளமாவோ தூவி அரை மணி நேரம் விட்டுத் துலக்குங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து ஒற்றுங்கள். மஞ்சள் கறைக்குச் சோப்புக்கட்டியோ சோடாவோ போடவே கூடாது. மஞ்சள் காரத்தில் சிவக்கும், குங்குமம் செய்வதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே. அப்படிச் சிவந்துவிட்டால் எலுமிச்சை ஒற்றினால் மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. கழற்றும் உறை என்றால் ஒரு நாள் வெயிலில் போடுங்கள். குங்குமமும் விபூதியும் சிந்தினால் ஈரக்கை படாமல் உதறி எடுங்கள். உங்கள் போர் தண்ணீரில் உப்போ இரும்போ இருந்தால் துடைத்த இடம் காய்ந்ததும் ஓரம் வளையமாகக் கறுக்கும். குடிக்கிற தண்ணீரால் துடையுங்கள். ஒரு புள்ளியை மட்டும் நனைக்காமல், தையலிலிருந்து தையல் வரை அந்தப் பட்டையை முழுவதும் லேசாக ஈரமாக்கினால் வளையம் விழாது.

மகனுக்குச் சாம்பல்தான் ஆசை என்றால் அதற்கும் இடம் உண்டு. நீலம், பச்சை சாயாமல் பழுப்பு சாயும் சாம்பலை, யானைத்தோல் சாம்பலை, எடுக்கட்டும். அதோடு சோபாவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரிப்பு வேண்டும். கோரைப்பாயோ சணல் விரிப்போ, 6க்கு 9 அடி, சோபாவின் முன்கால்கள் அதன்மேல் நிற்கும்படி. அப்போது சாம்பலின் பக்கத்து நிறம் சிவப்பாக இல்லாமல் வைக்கோல் நிறமாகிவிடும், நீலம் அடிப்பது பெருமளவு நிற்கும். மருமகளின் வெள்ளையை ஜன்னல் திரையில் கொண்டுவரலாம். சுத்த வெள்ளை வேண்டாம், சுவரின் கிரீமைவிட ஒரு படி வெளிறிய மெல்லிய பருத்தித் திரை. வாழையின் பச்சையை அது கொஞ்சம் வடிகட்டும், பிள்ளைகள் கைபட்டால் துவைத்துவிடலாம். சோபாவின் மேல் போடும் சின்னக் குஷனில் சிவப்பு வேண்டாம், தரையோடு போட்டி போடும். ஓவியத்தில் இருக்கும் ஆழ்ந்த பச்சையில் இரண்டு போதும்.

செய்யக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது சில. 7 அடி நீளச் சோபாவுக்கு 54 அங்குல அகலத் துணி 10 முதல் 12 மீட்டர் ஆகும், தலைத்துணி மூன்று செட்டுக்கு இன்னும் 2 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரே ரோலில் இருந்து வெட்ட வேண்டும். பின்னால் வாங்கிச் சேர்த்தால் சாய லாட் மாறி, கையும் முதுகும் இரண்டு நிறமாக நிற்கும். மேலும் ஒரு மீட்டர் வாங்கி, சுருட்டி, வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒட்டுப்போட அது உதவும். பஞ்சுமுனை உள்ள துணி, வெல்வெட் மாதிரி, ஷெனில் மாதிரி எடுத்தால் தடவிப் பார்த்து முனை எல்லாப் பட்டையிலும் மேலிருந்து கீழ்நோக்கியே வர வேண்டும் என்று குஷன் வேலை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு பட்டை திரும்பினால் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும், துணியை மாற்றித் தந்துவிட்டார்கள் என்று கடையோடு சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். உட்காரும் ஃபோம் 40 டென்சிட்டி. காலின் உயரம் 6 அங்குலம் இருந்தால் அடியில் துடைக்கவும் முடியும், கரையான் மண் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்கவும் முடியும். மரக்கால் என்றால் நாற்காலியின் தேக்கு நிறத்துக்கே பாலிஷ் போடச் சொல்லுங்கள்.

ஊஞ்சல் ஆடும் திசையில் முன்னும் பின்னும் 4 அடி விட்டு, அப்புறம் சோபாவின் இடத்தை முடிவு செய்யுங்கள். முற்றத்து ஷீட்டின் நேர் கீழே முதுகு வராமல் பார்த்துக்கொண்டால் சாயம் பல வருடம் கூட நிற்கும். சுவரோடு ஒட்டவிடாமல் 4 அங்குலம் இடைவெளி. ஐப்பசி, கார்த்திகையில் பழைய செங்கல் சுவர் ஈரம் குடிக்கும். ஒட்டி நின்றால் முதுகுத் துணியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை வரும், வெளிர் துணியில் வந்தால் போகாது. அந்த இரண்டு மாதமும் உறையைத் துவைக்க எடுக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த உறையை மாட்டினால் ஃபோமுக்குள் வாசனை தங்கிவிடும். ஆவணியில் ஒரு துவைப்பு, தை பிறந்து வெயில் தெளிந்ததும் ஒரு துவைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.